காணிக்கை இருக்கட்டும், முதலில் தங்கை வீட்டுக்குப் போங்கள்

கேள்வி: ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். மாதம் ஒருமுறை முதியோர் இல்லத்தில் சாப்பாடு பரிமாறுகிறேன். பிறரிடம் அன்புகூர்ந்தால் மன அமைதி தானாக வரும் என்கிறார் எங்கள் ஆயர். எனக்கு வரவில்லை, இரவில் தூக்கமும் இல்லை. அம்மாவின் 12 சவரன் நகை விஷயமாக என் ஒரே தங்கையோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தான், அதனால் நகை என்னிடம் இருக்கிறது. அம்மா உயில் எழுதவில்லை. அப்பா முன்பே காலமாகிவிட்டார். இதில் 2 சவரனை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் மனம் லேசாகுமா?
– ஒரு வாசகி, அயனாவரம்

பதில்: ஆகாது, சகோதரி. அந்த 2 சவரனில் ஒன்று உங்கள் தங்கையுடையது. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அப்பாவும் இல்லாத நிலையில் அம்மாவின் சொத்து பிள்ளைகளுக்குச் சமபங்கு. உங்களுக்கு 6, அவருக்கு 6. பெற்றவளைப் பார்த்துக்கொண்டதற்காகக் கூடுதல் பங்கு கிடையாது. மருத்துவச் செலவு உங்கள் கைப்பணத்தில் போயிருந்தால் ரசீதை வைத்துப் பேசலாம். அது தனிக் கணக்கு.

வீட்டாருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்கென்று ஒதுக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்கிற வழக்கம் இயேசுவின் காலத்திலும் இருந்தது. கொர்பான் என்று அதற்குப் பேர். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் அவர் அதை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று படித்துப் பாருங்கள்.

மத்தேயு 5:23, 24 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதில் நாம் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுக்கு வந்தால், என்கிறது வசனம். உங்களுக்கு அவர்மேல் என்ன குறை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகித் திரும்பி வா என்றால் பல நாள் நடை. உங்கள் தங்கை வீடு எவ்வளவு தூரம்?

1947இல் நம் சென்னை கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உருவானது. அதன் திருவிருந்து முறைமையில் காணிக்கைக்கு முன்பாகச் சமாதானம் பகிர்வதை வைத்தார்கள். அதற்குக் காரணம் இந்த வசனம்தான். சமாதானம் கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையில் பொருத்த, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிறவரோடு இதைச் செய்துவிடலாம். முதியோர் இல்லத்துப் பாட்டியிடமும் அன்பாயிருந்துவிடலாம். அவர் உங்களிடம் பங்கு கேட்கப் போவதில்லை. அந்த ஊழியத்தை நிறுத்தச் சொல்லவில்லை, நல்ல காரியம் அது. ஆனால் நீங்கள் கேட்கிற அமைதி அங்கே இல்லை. இரவெல்லாம் மனதுக்குள் தங்கைமேல் ஒரு வழக்கு நடத்துகிறீர்கள். அதில் வக்கீலும் நீங்களே, நீதிபதியும் நீங்களே. உங்கள் பக்கம் தீர்ப்பு வந்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால், அந்தத் தீர்ப்பு சரியில்லை என்று உங்கள் மனசாட்சிக்கே தெரிந்திருக்கிறது.

போகும்போது தனியாகப் போங்கள். ஆயரையோ மாமாவையோ முதல் தடவையே கூட்டிப் போனால் பஞ்சாயத்து என்றுதான் தங்கைக்குத் தோன்றும். மத்தேயு 18:15 சொல்லும் முதல் படியும் ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்பதுதான். சாட்சிகள் இரண்டாவது படி, சபை மூன்றாவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜெபக் குறிப்பு என்ற பேரில் விஷயம் முதலில் சபை முழுக்கப் பரவுகிறது, சம்பந்தப்பட்டவர் காதுக்குக் கடைசியில் போகிறது. வாட்ஸ்அப்பில் மன்னிப்பு வேண்டாம். யார் வீட்டுக் கல்யாணத்திலோ கிறிஸ்துமஸ் விருந்திலோ, நாலு பேர் நடுவில், வேண்டவே வேண்டாம்.

பேச வேண்டியது கொஞ்சம்தான். “அம்மா நகையை நானே வச்சிக்கிட்டது தப்பு. உன் பங்கு உனக்குத்தான். பிரிக்க ஒரு நாள் சொல்லு.” இதற்குப் பின்னால் ‘ஆனா’ என்று தொடங்கினீர்களானால் போன காரியம் கெட்டது. அம்மாவுக்கு நீங்கள் பட்ட பாட்டை அன்றைக்குச் சொல்லாதீர்கள். பங்கு கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அவரே கேட்கலாம்.

பிரிப்பதையும் சரியாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது சண்டை வரும். தி.நகரோ சௌகார்பேட்டையோ, இருவருக்கும் பழக்கமில்லாத கடைக்குச் சேர்ந்தே போங்கள். கல், முத்து, அரக்கு எடையைக் கழித்து ஒவ்வொரு நகைக்கும் நிகர எடை எழுதி வாங்குங்கள். சவரனுக்கு 8 கிராம், மொத்தம் 96 கிராம் என்று நீங்கள் வாய்க்கணக்காகச் சொல்வது தராசில் குறையலாம். பழைய நகை எல்லாமே 916ஆக, அதாவது 22 காரட்டாக, இருக்காது, அதனால் டச்சும் (தங்கத்தின் தரம்) பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் இரண்டு பங்காக வையுங்கள். எந்தப் பங்கு என்று முதலில் எடுப்பது தங்கையாக இருக்கட்டும். அம்மாவின் தாலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது யாரிடம் இருக்கலாம் என்று தங்கையே சொல்லட்டும்.

அவர் கதவைச் சாத்திவிட்டால்? அதற்கும் இடம் வைத்துத்தான் பவுல் எழுதுகிறார்: ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ (ரோமர் 12:18). உங்களாலானது பங்கைக் கொடுப்பது. அவர் மன்னிப்பதும் முன்போலப் பேசுவதும் அவர் கையில். அவருடைய பங்கை எடைச்சீட்டோடு தனியாகக் கட்டி வைத்துவிட்டு, அது அவருக்காக இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டாவது முறை போகும்போது, இருவர்மேலும் பிரியமுள்ள உறவினர் ஒருவரை உடன் அழைத்துப் போகலாம்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் அடி உதை வாங்குகிறவர்களுக்கு நான் இந்த யோசனையைச் சொல்லவில்லை. அவர்கள் ஒப்புரவு என்று திரும்பிப் போக வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய், பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கட்டும்.

சகோதரி, உங்கள் பிள்ளைகளிடமும் பேசுங்கள். சித்தி பேராசைக்காரி என்று இத்தனை நாளும் உங்கள் வாயிலிருந்து கேட்டிருப்பார்கள். அது தவறு என்பதையும் அவர்கள் உங்கள் வாயிலிருந்தே கேட்க வேண்டும். தங்கை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.