கேள்வி நேரம்: இரண்டரை மணி நேரம் முந்திய வால் நட்சத்திரம்

ஹாலி வால் நட்சத்திரம் 2061-ல் வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறார்கள். வால் நட்சத்திரத்தின் பாதை அவ்வளவு மாறாததா, ஐயா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

மாறும் அம்மா. எவ்வளவு மாறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால்தான் தேதி சொல்ல முடிகிறது. இதைப் புரிந்துகொள்ள ஹாலியைவிட என்கே வால் நட்சத்திரம் நல்லது. ஹாலியை ஓர் ஆயுளில் ஒரு முறை பார்த்தாலே பெரிய விஷயம். என்கேயோ 3.3 ஆண்டுக்கு ஒரு தடவை சூரியனைச் சுற்றி முடித்துவிடும்.

கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில், பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலைக் கோத்து நீள்வட்டம் வரைந்து காட்டுவேன். என்கேயின் பாதைக்கு ஆணிகளை நன்றாகத் தள்ளி அடிக்க வேண்டும். அதன் ஒரு முனை சூரியனிலிருந்து சுமார் 5 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள சராசரித் தூரத்தைவிடக் குறைவு. மறுமுனை சுமார் 61 கோடி. வியாழன் வரை போவதில்லை. அருகில் வரும்போது வினாடிக்கு 70 கிலோமீட்டர் வேகம். தொலைவில் 6 கிலோமீட்டர்கூட இல்லை. ஆயுளில் பெரும்பகுதியைக் குளிரில் மெல்ல நகர்ந்தே கழிக்கிறது.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1786-ல் பாரிஸில் மெஷான் பார்த்தார். 1795-ல் இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷல் பார்த்தார். 1805-ல் மறுபடி தென்பட்டது. மூன்றும் வேறு வேறு என்றே நினைத்தார்கள். 1818 நவம்பரில் மார்செய் நகரில் ழான் லூயி போன்ஸ் மீண்டும் பிடித்தார். போன்ஸ் அந்த வானாய்வகத்தில் வாயில்காப்போனாக வேலைக்குச் சேர்ந்தவர். வானம் பார்க்க அங்கேயே கற்றுக்கொண்டு, 37 வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கியில் கண் வைத்து அவரை மிஞ்சியவர் கிடையாது.

ஜெர்மனியில் இருந்த யோஹான் என்கே, கணித மேதை காஸின் மாணவர். போன்ஸ் பார்த்ததன் பாதையைக் கணக்கிட்டு, முந்தைய மூன்றும் இதுவும் ஒன்றே என்று 1819-ல் காட்டினார். 1822-ல் திரும்பி வரும் என்றார். அப்போது அது ஐரோப்பாவிலிருந்து பார்க்க முடியாத இடத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பரமாட்டாவில் ரூம்கர் என்பவர் ஜூன் 2-ஆம் தேதி அதைக் கண்டுவிட்டார். ஹாலிக்கு அடுத்து, சொன்னபடி திரும்பி வந்த இரண்டாவது வால் நட்சத்திரம் இதுதான். உலகம் என்கேயின் பெயரை வைத்தது. அவரோ கடைசிவரை ‘போன்ஸின் வால் நட்சத்திரம்’ என்றே சொல்லிவந்தார். இதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியாழனும் மற்ற கோள்களும் இழுக்கும் இழுப்பை எல்லாம் கழித்துப் பார்த்தபிறகும், ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்தது. மூன்றேகால் ஆண்டுப் பயணத்தில் இரண்டரை மணி நேரம்! கையால் கணக்குப் போட்ட காலத்தில் இதைப் பிழை என்று ஒதுக்காமல் பிடித்துக்கொண்டாரே, அதுதான் உழைப்பு. விண்வெளியில் ஏதோ மெல்லிய பொருள் நிரம்பி, வால் நட்சத்திரத்தைத் தடுக்கிறது என்று என்கே விளக்கினார். தடுத்தால் தாமதம்தானே ஆகவேண்டும் என்று கேட்பீர்கள். வேகம் குறைந்தால் பாதை சுருங்கும், சுருங்கிய பாதையைச் சுற்ற நேரம் குறைவு. அதனால் முந்தி வரும். அந்த அளவில் அவர் சொன்னது சரி. தடுப்பது எது என்பதில்தான் விடை வேறாக இருந்தது.

1950-ல் ஹார்வர்டில் இருந்த ஃப்ரெட் விப்பிள் அந்த விடையைச் சொன்னார். வால் நட்சத்திரத்தின் கரு, பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஓர் உருண்டை. தன்னைத் தானே சுற்றுகிறது. நம் ஊரில் வெயில் உச்சிக்கு வருவது 12 மணிக்கு, மண்டை காய்வது 2 மணிக்கு அல்லவா? அங்கும் அப்படித்தான். பனி அதிகமாக ஆவியாகிப் பீறிடுவது பிற்பகல் பக்கத்தில். வாயு ஒரு பக்கம் பாய்ந்தால் கரு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பாதையில் போகும் திசைக்கு எதிராகக் கரு சுழன்றால் அந்தத் தள்ளல் வேகத்தைக் குறைக்கும்; அதே திசையில் சுழன்றால் கூட்டும். ஹாலி இதனால் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 4 நாள் தாமதமாக வருகிறது. 1836-லேயே பெஸல் இப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருந்தார், அன்று எடுபடவில்லை. 1986-ல் ஜியோட்டோ விண்கலம் ஹாலிக்கு 600 கிலோமீட்டர் அருகே போய், வெயில் படும் பக்கத்திலிருந்து வாயு பீறிடுவதைப் படமே எடுத்துவிட்டது.

என்கேயின் கரு குறுக்கே 5 கிலோமீட்டருக்குள்தான். தன்னைச் சுற்ற ஏறக்குறைய 11 மணி நேரம். மேற்பரப்பு கன்னங்கரேல், விழும் ஒளியில் 100-க்கு 5 பங்குகூடத் திரும்பாது. இரண்டரை மணி நேரக் கணக்கும் அப்படியே நிற்கவில்லை. சுழலும் அச்சு மெல்லத் திசை மாறியதில் இப்போது மிகவும் குறைந்துவிட்டது. ஆகவே அம்மா, பாடநூலில் உள்ள அந்த வழுவழுப்பான நீள்வட்டத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

வால் நட்சத்திரம் தோன்றினால் ஆள்பவருக்கு ஆகாது என்பார் என் பாட்டி. உண்மையா?
(வாசகர், தேனி)

1786-லிருந்து என்கே மட்டும் 70 தடவைக்கு மேல் வந்து போயிருக்கிறது. பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அஞ்சவில்லை. பாட்டியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

என்கேயை நாமும் பார்க்க முடியுமா?
(பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை)

2027 பிப்ரவரியில் சூரியனை நெருங்குகிறது. அதற்கு முன், ஜனவரியில், இருட்டியதும் மேற்கு வானத்தில் பைனாகுலரால் தேடுங்கள். ஊர் விளக்குகளை விட்டு வெளியே போய்விடுங்கள்.

அது உதிர்த்த தூசியை ஆண்டுதோறும் பார்க்கலாம். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கமிருந்து எரிகற்கள் கிளம்பும். மணிக்கு நாலைந்துதான். ஆனால் நிதானமாக ஓடும், சில நேரம் தீப்பந்தாகப் பளிச்சிடும். நமக்கு ஐப்பசி மழை ஒரு தொல்லை. தீபாவளி அமாவாசையில் நிலா இருக்காது, ஆனால் பட்டாசுப் புகை இருக்கும். ஓரிரு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகைக் கூட்டம் நன்றாக மேலேறியிருக்கும் இரவு 10 மணிக்கு மேல், பிள்ளைகளைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். தொலைநோக்கி வேண்டாம், கைப்பேசியை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது ஆகும்.