போட்டுக்கொடுத்தல், காட்டிக்கொடுத்தல்: அதிகாரியிடம் தகவல் சொல்வதற்கு எத்தனை சொற்கள்?

ஒருவரைப் பற்றி அதிகாரியிடமோ போலீஸிடமோ சொல்லிவிடுவதைக் குறிக்கும் வழக்குச் சொற்களைக் கேட்டிருக்கிறீர்கள். பேச்சில் அதிகம் புழங்குவது 'போட்டுக்கொடுத்தல்'. வகுப்பறை முதல் காவல் நிலையம் வரை எங்கும் பொருந்தும். 'காட்டிக்கொடுத்தல்' அதைவிடக் கனமானது. நம்பியவருக்குச் செய்த துரோகம் அதில் இருக்கிறது. 'கோள் மூட்டுதல்', 'வத்தி வைத்தல்' என்றால் சொன்ன செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, பகை மூண்டால் போதும். பெயர் போடாமல் எழுதி அனுப்பினால் மொட்டைக் கடிதம்.

'ஆள்காட்டி' என்றும் சொல்வார்கள். ஆள் நடமாட்டம் கண்டதும் கத்தும் பறவையின் பெயரும் அதுதான்.

இலங்கைத் தமிழரிடையே 'தலையாட்டி' என்ற சொல் உண்டு. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் ஊர்மக்களை வரிசையாக நடக்க வைப்பார்கள். முகத்தை மூடிய ஒருவர் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாரோ அவரைப் படையினர் பிடித்துச் செல்வார்கள். இதை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

'எட்டப்பன்' எனக்கு உடன்பாடில்லாத சொல். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. எட்டயபுரத்தார் ஆங்கிலேயர் பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் பழி முழுவதும் அவர்களுடைய பரம்பரைப் பெயர் மீதே விழுந்துவிட்டது.

இவை எல்லாமே பழிச்சொற்கள் என்பதுதான் என் வருத்தம். சத்யேந்திர துபே என்ற பொறியாளர் தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டும் அது வெளியே போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுந்த கொந்தளிப்புக்குப் பின்னரே 2004இல் தகவல் தருபவரைக் காக்கும் அரசாணை வந்தது, 2014இல் சட்டமும் இயற்றப்பட்டது. அவர் செய்ததைப் 'போட்டுக்கொடுத்தார்' என்று சொல்ல எனக்கு நா எழாது. நாளிதழ்கள் எழுதும் 'முறைகேட்டை அம்பலப்படுத்தினார்' என்பதே அதற்குத் தகும்.

போலீஸுக்கு வழக்கமாகத் தகவல் தருபவர் 'துப்புக் கொடுப்பவர்' அல்லது 'இன்ஃபார்மர்'. குற்றத்தில் தானும் பங்குகொண்டு, மன்னிப்பு பெற்று, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் 'அப்ரூவர்'.