ஓடி ஓய்ந்த நாய் வீட்டுக்கு வரும்போது: கிரேஹவுண்ட் கேள்வி பதில்

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பதினொரு வருடத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று கிரேஹவுண்டுகள் வந்தன, மூன்றும் பந்தயத்தில் ஓடியவை. அவற்றோடு வாழ்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஓய்வு என்றால் கிழட்டு நாயா? நோய் வந்த பிறகுதான் கொடுப்பார்களா?

இல்லை. பெரும்பாலானவை இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும். பத்து, பன்னிரண்டு வருடம் வாழும் இனம் இது. பாதி வாழ்க்கைக்கு மேல் உங்களோடுதான். வேகம் குறைந்ததும் அனுப்பிவிடுவார்கள். சில நாய்களுக்குப் பந்தயத்தில் முன்னால் ஓடவிடும் பொம்மை முயலைத் துரத்துவதிலேயே ஆர்வம் இருக்காது. காயமும் ஒரு காரணம். ஓடுபாதையில் எப்போதும் இடப்பக்கமாகவே வளைந்து ஓடுவதால் வலது பின்னங்கால் கணுவில் எலும்பு உடைவது அதிகம். அப்படி உடைந்து சேர்ந்த நாய்களும் வீட்டில் நன்றாகவே இருக்கின்றன.

ஓடுபாதைகளும் மூடப்பட்டு வருகின்றன. புளோரிடாவில் 2018இல் மக்கள் வாக்களித்து 2020 முடிவோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். நியூசிலாந்து அரசும் முடிவுகட்டப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அயர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் இன்னும் நடக்கிறது, ஆகவே வீடு தேடும் நாய்களுக்குக் குறைவில்லை.

கேள்வி: எங்களுடையது மூன்றாவது மாடியில் சின்ன வீடு. மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடும் நாயை வைத்து எப்படிச் சமாளிப்பது?

இந்தப் பயம் எல்லோருக்கும் வரும். கிரேஹவுண்டின் ஓட்டம் அரை நிமிடத்துக் காரியம். முழு மூச்சாக ஓடிவிட்டு அப்படியே படுத்துவிடும். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். காலையும் மாலையும் அரை மணி நேர நடை போதும். தோட்டத்தைவிட நல்ல மெத்தைதான் அதற்கு முக்கியம். உடம்பில் கொழுப்பே கிடையாது, வெறும் தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து புண்ணாகிவிடும். ஆனால் மூன்றாவது மாடி என்றீர்களே, மின்தூக்கி இல்லையென்றால் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: படிக்கட்டைப் பார்த்தாலே உறைந்து நின்றுவிடுகிறது. அடம்பிடிக்கிறதா?

அடம் இல்லை. அது இதுவரை படிக்கட்டையே பார்த்ததில்லை. பிறந்தது முதல் கொட்டடி, திறந்த வெளி, வண்டி, ஓடுபாதை. அதன் உலகமே அவ்வளவுதான். கண்ணாடிக் கதவு, நிலைக்கண்ணாடி, துணி துவைக்கும் இயந்திரம், வழவழப்பான தரை எல்லாமே புதிது. உடம்பு வளர்ந்த நாய், வீட்டைப் பொறுத்தவரை இன்று பிறந்த குட்டி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை பிரச்சினையாகவே தெரியாது.

எங்கள் முதல் நாய் முதல் படியில் முன்கால் இரண்டையும் வைத்துவிட்டு, பின்னங்கால் நடுங்க அப்படியே நின்றது. இழுத்தால் இன்னும் பின்வாங்கியது. அப்புறம் நான் அதன் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். வலது முன்கால், இடது பின்கால், இப்படி மாற்றி மாற்றி. பதினான்கு படிக்கு இருபது நிமிடம் ஆனது. நான்காம் நாள் தானாக ஏறியது. இறங்குவதுதான் கடினம், மொத்தமாகத் தாவப் பார்க்கும். மார்புப் பட்டை போட்டுப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நீங்களும் இறங்குங்கள். கண்ணாடிக் கதவில் அதன் கண் உயரத்துக்குக் காகிதப் பட்டை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் திறந்த வெளி என்று நினைத்து முழு வேகத்தில் போய் மோதும்.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. இந்த நாய் சாதுவா?

பெரும்பாலும் சாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொட்டடியில் ஒவ்வொரு நாய்க்கும் தனிப் படுக்கை. தூங்கும்போது யாரும் வந்து தொட்டதே இல்லை. அதனால் தூக்கத்தில் திடீரென்று தொட்டால் சில நாய்கள் அலறிக்கொண்டு எழும், உறுமும், வாயால் கவ்வவும் செய்யும். கோபம் கிடையாது, யார் என்று தெரிவதற்குள் உடம்பு முந்திக்கொள்கிறது. இதில் இன்னொரு சிக்கல், சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை போய்க் கட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: படுத்திருக்கும் நாயிடம் யாரும் போகக்கூடாது, வேண்டுமென்றால் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அது எழுந்து வரும். நான்கு வயதுக்கு இது நினைவில் நிற்காது, ஆகவே படுக்கையைச் சுற்றி ஒரு தடுப்பு வையுங்கள். பெரியவர்கள் அறையில் இல்லாதபோது இரண்டு பேரையும் தனியாக விடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. கூடாதா?

நாயைப் பொறுத்தது. எங்கள் மூன்று நாய்களில் ஒன்று பூனையோடு சேர்ந்து தூங்கியது, ஒன்று கடைசிவரை பூனையோடு சேரவேயில்லை. தத்துக் கொடுப்பவர்களிடம் பூனையைக் காட்டிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பூனையைப் பார்த்துவிட்டு, நாம் கூப்பிட்டால் திரும்பும் நாய்க்குப் பழக்கம் வரலாம். உடம்பு விறைத்து, கண் இமைக்காமல், கூப்பிட்டாலும் காது அசையாமல் நின்றால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். வீட்டுக்குள் சேர்ந்து தூங்கும் நாயும் வெளியே ஓடும் பூனையைத் துரத்தும், அதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: வாய்க்கூடை போடுவது பாவமாக இருக்கிறதே?

நமக்குத்தான் பாவமாக இருக்கிறது. அது குட்டியிலிருந்து போட்டுப் பழகியது, மூச்சுவாங்கவும் தண்ணீர் குடிக்கவும் வசதியான கூடை. பூனையோடும் சின்ன நாயோடும் பழக்கும் நாட்களில் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: நன்றாகப் பழகிவிட்டது, கூப்பிட்டால் வருகிறது. மைதானத்தில் வாரை அவிழ்த்துவிடலாமா?

சுற்றிலும் வேலி உள்ள இடமாக இருந்தால் விடுங்கள். வேலி இல்லையென்றால் தயவுசெய்து வேண்டாம். இந்த இனம் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுவது. வெகுதூரத்தில் ஒன்று அசைந்தாலும் கண்ணில் பட்டுவிடும், பட்டதும் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. சில பாய்ச்சலிலேயே முழு வேகம் வந்துவிடும், குறுக்கே சாலை இருக்கிறதா என்று பார்க்காது.

இழுக்க இழுக்க நீளும் வாரும் வேண்டாம். அந்த வேகத்தில் போய் வார் முடியும் இடத்தில் வெட்டி இழுத்தால் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்துக்கு மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள், இழுத்தால் அளவோடு இறுகும். கிரேஹவுண்டின் தலை கழுத்தைவிட ஒல்லி, சாதாரணப் பட்டை பின்வாங்கினாலே கழன்றுவிடும்.

கேள்வி: பக்கத்தில் உள்ள மருத்துவர் கிரேஹவுண்டையே பார்த்ததில்லை என்கிறார். என்ன சொல்லிவைக்க வேண்டும்?

நல்ல கேள்வி, இதற்கு நீளமாகவே சொல்கிறேன். இதன் இரத்தக் கணக்கே வேறு. சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களைவிட அதிகம், 60 சதவீதத்தைத் தாண்டினாலும் இதற்கு இயல்புதான். இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவாக இருக்கும், சிறுநீரகம் கழிக்கும் கழிவான கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாக இருக்கும், தைராய்டு அளவு தாழ்ந்திருக்கும். தெரியாதவர் பார்த்தால் சிறுநீரகக் கோளாறு, தைராய்டு குறைவு என்று எழுதிவிடுவார். எங்கள் இரண்டாவது நாய்க்கு ஒரு மருத்துவர் அப்படித்தான் தைராய்டு மாத்திரை எழுதினார். இன்னொருவரிடம் காட்டிய பிறகு அது தேவையே இல்லை என்று தெரிந்தது. கிரேஹவுண்டுக்கான அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

மயக்க மருந்து விஷயத்தில் கூச்சமே படாதீர்கள். தயோபென்டால் வகை மருந்தை இதன் உடம்பு மெதுவாகத்தான் கழிக்கும், மயக்கம் தெளிய மிக நீண்ட நேரமாகும். வேறு பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து, ஒன்றிரண்டு நாள் கழித்து இரத்தம் கசியத் தொடங்குவதும் இந்த இனத்தில் உண்டு. பல் பிடுங்குவது போன்ற சின்ன சிகிச்சைக்குப் பிறகும் அப்படி நேரலாம். அதைத் தடுக்க மருந்து உண்டு, முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நொண்டினால் முதலில் உள்ளங்கால் திண்டைப் பாருங்கள். நமக்கு வருவது போலவே கால் ஆணி வரும், கடினமான தரையில் நொண்டும், புல்லில் நன்றாக நடக்கும். கால் ஆணியும் இல்லை, ஒரு வாரமாகியும் நொண்டல் போகவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்புப் புற்றுநோய் இந்த இனத்தில் அதிகம். என் முதல் நாயை அதில்தான் இழந்தேன். சுளுக்கு என்று நினைத்து மூன்று வாரம் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தனியாக விட்டுப் போனால் ஊளையிடுகிறது.

பிறந்ததிலிருந்து சுற்றிலும் பத்து, இருபது நாய் மூச்சுவிடும் சத்தத்தில் தூங்கியது. அமைதியான வீடு அதற்குப் பயம். முதல் நாளே எட்டு மணி நேரம் விட்டுப் போகாதீர்கள். கதவைச் சாத்தி அரை நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். அழத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதும் இதே கதைதான். தன் கொட்டடியை அசுத்தம் செய்யாது, வீடு முழுவதும் கொட்டடி என்று அதற்குத் தெரியாது. கொஞ்ச நாள் அடிக்கடி வெளியே கூட்டிப் போனால் போதும்.

கேள்வி: உட்காரச் சொன்னால் உட்கார்வதில்லை. சில நேரம் பல்லைக் கடகடவென்று அடிக்கிறது, குளிரா?

தொடைத் தசை பெரிது, உட்கார்வது பல கிரேஹவுண்டுகளுக்கு வசதியாக இருக்காது. விட்டுவிடுங்கள். பல் அடிப்பது பெரும்பாலும் சந்தோஷம்.

கேள்வி: காதில் பச்சை குத்தியிருக்கிறது. அது என்ன?

அமெரிக்க நாய் என்றால் வலது காதில் பிறந்த மாதம், வருடத்தின் கடைசி இலக்கம், அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்பதற்கான எழுத்து இருக்கும். இடது காதில் ஈற்றின் பதிவு எண். மற்ற நாடுகளில் முறை வேறு.

கேள்வி: ஒன்பது நாளாகிறது. மூலையை விட்டு வரவில்லை. நாங்கள் பார்த்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. வாலாட்டியதே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார்.

ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை அம்மா. எங்கள் மூன்றாவது நாய் ஐந்து வாரம் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டது, நான் திரும்பவில்லை. பின்னால் வந்து நின்று, முப்பது கிலோவையும் என் தோளில் சாய்த்துவிட்டது. அந்த இனம் அன்பைக் காட்டுவதே சாய்ந்துதான்.

உங்கள் கணவரிடம் மூன்று மாதம் கேளுங்கள். தடவப் போகாதீர்கள், நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள், விருந்தாளிகளை இப்போதைக்கு வரச் சொல்லாதீர்கள். இன்று இரவு சாப்பாட்டுக் கிண்ணத்தை அந்த மூலையிலேயே வைத்துவிட்டு, எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுங்கள்.