ஜப்பான் உதவி ஆங்கில ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பம் திரும்பிவிட்டது: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வைத் திரும்ப எழுதட்டுமா?

எழுத வேண்டாம், புள்ளி கூடினாலும் இந்தப் பிரச்சினை தீராது. பட்டம் இருந்தும் பள்ளி வேலைக்கான விண்ணப்பம் திரும்பியது பெரும்பாலும் 12 வருட விதியால்தான். பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு ஆங்கிலமூலம் 12 வருடம் படித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரை தமிழ்மூலம் படித்த எவரும் இங்கேதான் மாட்டுப்படுவார்கள். கம்பஸில் ஆங்கிலத்தில் படித்த நாலு வருடம் காணாது.

பள்ளிக்கூடத்திலும் கம்பஸிலும் எந்த மொழியில் படித்தீர்கள் என்று காட்டும் மொழிமூலக் கடிதம் எடுத்து, வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். குறைந்தால் தனியார் ஆங்கில உரையாடல் பள்ளிகளைத் தேடுங்கள். அது வேறு விசா, 12 வருட விதி இல்லை, பட்டம் வேண்டும். ஆங்கிலத் திறமைக்குச் சான்று கேட்கலாம். உங்கள் ஐஈஎல்டிஎஸ் அப்போது உதவும்.

ஒன்று கவனம்: விசாவுக்கு முன் ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழுக்கு வழக்கமாக ஜப்பானில் வேலை தருபவர்தான் விண்ணப்பிப்பார். வேலையே இல்லாமல் அதை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் ஏஜென்சிப் பக்கம் போகாதீர்கள்.