லாஸ் வேகஸில் க்ராப்ஸ் ஆடும்போது பந்தயத்தை எப்படி வைத்தால் நஷ்டம் குறையும்?

கேள்வியில் "எந்த சிஸ்டம் நல்லது" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நீண்ட வார இறுதிக்கு ஆபீஸ் நண்பர்களோடு போகிறீர்கள், கையில் 300 டாலர், மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 15 டாலர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், க்ராப்ஸ் என்ற இந்த இரட்டைப் பகடை ஆட்டத்தில் காசினோவை ஜெயிக்கும் சிஸ்டம் எதுவும் கிடையாது. "சூதாடக் கற்றுக்கொடுக்கிறாயா" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கும் இதே பதில்தான். யாரையும் ஆடச் சொல்லவில்லை. எப்படியும் ஆடப் போகிறவர், மணிக்கு 6 டாலர் போகிற இடத்தில் 80 டாலரை விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த 6-ம் 80-ம் வரும் கணக்கு இது. பாஸ் லைன்தான் அடிப்படைப் பந்தயம்: முதல் உருட்டலில் (கம் அவுட்) 7, 11 விழுந்தால் ஜெயம், 2, 3, 12 விழுந்தால் தோல்வி, வேறு எண் விழுந்தால் அதுதான் பாயின்ட், 7-க்கு முன் அது மறுபடி விழுந்தால் ஜெயம். இதில் காசினோவுக்குள்ள சாதகம் 1.41 சதவீதம். 15 டாலர் வைத்தால் ஒரு முடிவுக்குச் சராசரியாக 21 சென்ட் போகும். ஒரு முடிவு தெரிய ஏறக்குறைய 3.4 உருட்டல் ஆகும். ஓரளவு சுறுசுறுப்பான மேசையில் மணிக்கு 100 உருட்டல் என்றால் முப்பது முடிவு, அதாவது 6 டாலர் சொச்சம். மேசையின் நடுவில் இருக்கும் "எனி செவன்" (அடுத்த உருட்டலில் 7 விழும்) பந்தயத்துக்கு 4-க்கு 1, அதாவது ஜெயித்தால் வைத்த 1 டாலருக்கு 4 டாலர், தருகிறார்கள். நியாயப்படி 5-க்கு 1 தர வேண்டும். அங்கே சாதகம் 16.67 சதவீதம், அதுவும் ஒவ்வொரு உருட்டலிலும் முடிவாகிவிடும். வெறும் 5 டாலர் வைத்துக்கொண்டே இருந்தாலும் மணிக்கு 83 டாலர் போய்விடும். ஸ்டிக்மேன் (கோலால் பகடையைத் தள்ளிக்கொடுக்கும் ஊழியர்) நடுப்பகுதிப் பந்தயங்களையே உற்சாகமாகக் கூவி விற்பதற்குக் காரணம் இதுதான். ஹார்டுவே (4, 6, 8, 10 ஜோடியாக விழும் என்பது) 9 முதல் 11 சதவீதம். யோ (11 விழும் என்பது), எனி க்ராப்ஸ் (2, 3, 12-இல் ஒன்று விழும் என்பது) இரண்டும் 11.11. இரண்டு, பன்னிரண்டு 13.89. அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, "காப்பீடு" என்று சொல்லி வைக்கும் பந்தயம். கம் அவுட் உருட்டலில் 2, 3, 12 விழுந்தால் பாஸ் லைன் போய்விடுமே என்று 2 டாலரை எனி க்ராப்ஸில் போடுவார்கள். அந்த 2 டாலருக்கு இழப்பு 22 சென்ட். நீங்கள் காப்பாற்ற நினைத்த 15 டாலருக்கே 21 சென்ட்தான்.

இனி ஆட்ஸ். பாயின்ட் வந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னால் வைக்கும் இந்தப் பந்தயத்தில் காசினோவுக்குச் சாதகமே இல்லை. 4, 10 என்றால் 2-க்கு 1, 5, 9 என்றால் 3-க்கு 2, 6, 8 என்றால் 6-க்கு 5, சரியான கணக்கில் தருகிறார்கள். "அப்படியானால் முடிந்த மட்டும் ஆட்ஸ் போடு" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 300 டாலர்காரருக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்ஸ் உங்கள் இழப்பின் சராசரியைக் குறைக்காது. அதே 21 சென்ட் அப்படியேதான் இருக்கும், மேலே சாதகமில்லாத பணம் சேர்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடும். வேகஸில் சாதாரணமாகக் கிடைக்கும் 3-4-5 மடங்கு ஆட்ஸை (பாயின்ட் 4, 10-க்கு மூன்று மடங்கு, 5, 9-க்கு நான்கு, 6, 8-க்கு ஐந்து) முழுதாகப் போட்டால் பாயின்ட் 6-க்கு மேசையில் 90 டாலர் நிற்கும். மணிக்கு 400 டாலர் ஏறுவதும் இறங்குவதும் அங்கே சகஜம். 300 டாலர் நாலு கைக்குக்கூடத் தாங்காமல் போகலாம். ஒரு மடங்கு ஆட்ஸோடு நின்றால், மூன்றில் இரண்டு மணி நேரங்கள் 155 டாலர் ஏற்ற இறக்கத்துக்குள் முடியும். உங்கள் 300-க்கு அதுதான் சரி. 1,500 டாலரோடு போகிறவர் தாராளமாக முழு ஆட்ஸ் போடட்டும்.

ஒரு மடங்கு என்பதிலும் சின்ன நுணுக்கம் உண்டு. பாயின்ட் 5 அல்லது 9 என்றால் 16 டாலர் வையுங்கள். 15-க்கு வர வேண்டியது 22.50, அந்த ஐம்பது சென்டைக் கழித்துவிட்டு 22 தருவார்கள். 16-க்கு 24 முழுதாக வரும். பெரும்பாலும் அந்த ஒரு டாலர் கூடுதலை அனுமதிக்கிறார்கள், டீலரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

7-க்கு முன் குறிப்பிட்ட எண் விழும் என்று வைக்கும் ப்ளேஸ் பந்தயம் வேண்டுமானால் 6, 8 மட்டும், 6-இன் மடங்காக. 18 வைத்தால் 21 வரும், சாதகம் 1.52 சதவீதம். அதையே 15 வைத்தால் 12-க்கு மட்டும் 7-க்கு 6 கணக்கு, மிச்சம் 3-க்கு ஒன்றுக்கு ஒன்றுதான். ப்ளேஸில் 5, 9 நான்கு சதவீதம். 4, 10 ஆறரைக்கும் மேல். ஃபீல்டில் (அடுத்த உருட்டலில் 2, 3, 4, 9, 10, 11, 12-இல் ஒன்று விழும் என்பது) 2, 12 இரண்டுக்குமே இரட்டிப்பு மட்டும் தரும் மேசை என்றால் 5.56. ஏதாவது ஒன்றுக்கு மும்மடங்கு என்று எழுதியிருந்தால் 2.78. டோன்ட் பாஸ் (பாஸ் லைனுக்கு எதிர்ப் பந்தயம்) 1.36, பாஸ் லைனைவிட ஒரு துளி நல்லது. 15 டாலருக்கு ஒரு சென்ட்கூட மிச்சமாகாது, அதனால் பிடித்த பக்கம் ஆடுங்கள். க்ராப்லெஸ் (2, 3, 11, 12-ம் பாயின்டாகிவிடும் வகை) என்று போர்டு இருந்தால் உட்காராதீர்கள், அங்கே பாஸ் லைனே 5.38 சதவீதம்.

இழப்பு கட்டுமீறுவது பெரும்பாலும் கம் பந்தயங்களில்தான், அதாவது பாயின்ட் வந்த பிறகு பாஸ் லைன் மாதிரியே புதிதாக வைப்பவற்றில். பாஸ் லைனில் ஒன்று, கம்மில் இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு மடங்கு ஆட்ஸ் என்றால் 90 டாலர் மேசையில். ஒரே ஒரு 7 விழுந்தால் மொத்தமும் போச்சு. மூன்று தனித்தனிப் பந்தயம் என்று மனசு கணக்குப் போடும். 90 டாலர் ஒரே பந்தயம் என்று எண்ணுங்கள். உங்கள் தொகைக்கு பாஸ் லைனோடு ஒரு கம் போதும்.

தோற்றால் இரட்டிப்பாக்கும் மார்ட்டிங்கேல் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். 15-இல் தொடங்கி ஏழு முறை தோற்றால் 1,905 டாலர் போயிருக்கும், எட்டாவதுக்கு 1,920 வேண்டும். பல மேசைகளில் உச்ச வரம்பு அதற்கு முன்பே குறுக்கே நிற்கும். தொடர்ந்து ஏழு தோல்வி அபூர்வமில்லை. எந்த ஒரு தொடரை எடுத்தாலும் ஏறக்குறைய 116-க்கு ஒன்று அப்படித்தான் முடியும். 2009-இல் அட்லான்டிக் சிட்டி போர்காட்டாவில் ஒரு பெண்மணி 154 முறை உருட்டியதை உதாரணம் காட்டி "சூடான கை" என்பார்கள். ஓர் ஆட்டக்காரர் உருட்டுவது சராசரியாக எட்டரை முறை.

பகடையைப் பிடிக்கும் விதத்தால் எண்ணைக் கட்டுப்படுத்தலாம் என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. மேசையின் எதிர்ச்சுவர் முழுக்க ரப்பர் முக்கோணக் கூம்புகள், பகடை அதில் பட்டே திரும்ப வேண்டும் என்று விதி. அதற்கு மேல் என்ன கட்டுப்பாடு?  

300-ஐ இரண்டாகப் பிரித்து 150 மட்டும் மேசைக்குக் கொண்டுபோங்கள், மிச்சம் மறுநாளுக்கு. ஏடிஎம் அட்டை அறையில் இருக்கட்டும். இப்படி வரம்பு வைப்பதால் காசினோவின் சாதகம் மாறாது, அன்றைய இழப்புக்கு ஒரு தடுப்பு, அவ்வளவே. பணத்தை டீலர் கையில் நீட்டாதீர்கள், மேசையில் வைத்து "சேஞ்ச் ஒன்லி" என்று சொல்லுங்கள், இல்லையென்றால் பந்தயமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கிளம்பும்போது ஆட்ஸையும் ப்ளேஸையும் இறக்கச் சொல்லலாம். பாயின்ட் வந்துவிட்ட பாஸ் லைன் பந்தயத்தை எடுக்க முடியாது. அதனால் கிளம்புவதாக இருந்தால் அடுத்த கம் அவுட்டுக்குச் சிப் வைக்காமல் நிறுத்திக்கொண்டு, சிப்களை "கலர் அப்" சொல்லிப் பெரிய சிப்பாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.