நிலத்தை விற்காதீர்கள் அம்மா, மகளைப் பாசி படிக்க விடுங்கள்

இரண்டாம் முறையும் நீட் மதிப்பெண் போதவில்லை. நிலத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் பெரியப்பா. மகளோ லேப் வேலைதான் பிடிக்கும் என்கிறாள். ராமநாதபுரம் மாவட்டத்துத் தாய் ஒருவர் கலங்கிப்போய்க் கேட்டிருக்கிறார்.

உங்கள் கலக்கம் புரிகிறது அம்மா. ஆனாலும் நிலத்தை விற்காதீர்கள். ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும் கல்லூரிகள் உண்டு. அந்தக் கடனைப் பெரியப்பா அடைக்கப் போவதில்லை.

பள்ளிக் கண்காட்சிக்காக, சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டு மணிகள் செய்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உயிருள்ள திசுவை அச்சிட, செல்கள் கலந்த ஆல்ஜினேட் மை ஒன்று உண்டு. 'பயோஇங்க்' என்பார்கள். அது உறைவதும் இதே வேதியியலில்தான். உங்கள் கரையில் கிடைக்கும் கட்டக்கோரைப் பாசியில் இருக்கும் கூழ்ப்பொருள்தான் ஆல்ஜினேட்.

ஆய்வகத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு ஆல்ஜினேட்டுடன் ஜெலட்டின் கலந்து, மில்லிலிட்டருக்குச் சில மில்லியன் செல்களைச் சேர்த்து, 25 கேஜ் என்ற மெல்லிய ஊசி வழியே வலைபோல் இழுக்கிறார்கள். நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலில் சில நிமிடம் வைத்தால் உறைந்துவிடும். இனித்தான் சிக்கல். கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வைத்தால் ஆல்ஜினேட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து மை தண்ணியாகும். அச்சிட்ட வடிவம் நிற்காது. செல்களைக் கழுவும் பாஸ்பேட் பஃபர் கரைசலில் கழுவினால் அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ள, வலை நெகிழும். ஆல்ஜினேட்டில் செல்கள் பற்றிக்கொள்ள இடமில்லை, அதனால் உருண்டையாகவே கிடக்கும். ஜெலட்டின் சேர்ப்பது அதற்கும்தான். ஊசியில் அழுத்தம் கூடினால் செல்கள் சாகும். பாசி பறித்த பருவம் மாறினால் ஆல்ஜினேட்டில் உள்ள குலுரானிக், மன்னுரானிக் அமில விகிதமும் மாறும்: முன்னது மிகுந்தால் கெட்டியாகி நொறுங்கும், பின்னது மிகுந்தால் குழையும். ஒவ்வொரு சரக்கையும் சோதித்துச் சீராக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு. பொறுமையாகச் சொட்டுவிட்டு மணி உருட்டிய கைக்கு ஏற்ற வேலை இது.

வழி நீளமானது, மறைக்கமாட்டேன். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல். பிறகு ஜாம் (JAM) அல்லது கேட்-பி (GAT-B) என்ற நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி.; அதன்பின் முனைவர் பட்டம். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023-இல் உயர்த்தியபடி மாதத்துக்கு 37,000 ரூபாய். ஆராய்ச்சியைக் கடன் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்தில் மண்டபம் ஊரிலேயே சி.எஸ்.ஐ.ஆரின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. திசு அச்சு ஆய்வுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். அச்சிட்ட திசு இன்று பெரும்பாலும் மருந்துச் சோதனைக்கும் ஆய்வுக்கும்தான். 'இதயமே அச்சிடலாம்' என்று விளம்பரம் செய்யும் தனியார் படிப்புக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். முனைவர் பட்டம் வேண்டாம் என்று அவள் நடுவில் நின்றாலும், புண்கட்டு, பல் அச்சுப் பொடி, மாத்திரை, ஐஸ்கிரீம் என்று ஆல்ஜினேட் புழங்கும் தொழில்களில் தரக்கட்டுப்பாட்டு வேலை தேடலாம்.

எம்.எஸ்சி. கல்லூரி தேர்வுசெய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 37 டிகிரியில் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு ஓடும், செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டர் எங்கே, மாணவர்கள் தம் கையாலேயே செல் வளர்க்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடம் கேளுங்கள். பூட்டிய அறையைக் காட்டினால் அங்கே சேர்க்காதீர்கள்.