நடுவீட்டுத் தூணை அறுக்கலாமா?

கேள்வி: ஜப்பானில் நாகானோ பக்கம் ஒரு பழைய விவசாய வீடு வாங்கியிருக்கிறோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பெரிய தூண் ஒன்று இடைஞ்சலாக நிற்கிறது. அடி உளுத்துவிட்டது, அறுத்துவிட்டு இரும்பு உத்திரம் போடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். பக்கத்து வீட்டுப் பாட்டி, அதில் சாமி இருக்கிறது, தொடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பாட்டி சொல்வதை. காரணம் மட்டும் வேறு.

அது தைகோகுபஷிரா, அதாவது வீட்டின் முக்கியத் தாங்குதூண். மண் தரையும் பலகைத் தளமும் சேரும் இடத்தில் நிற்கும், பெரும்பாலும் கெயாகி என்கிற கெட்டி மரம். அரிசி மூட்டைமேல் சுத்தியலோடு நிற்கிற தைகோகுதென் சாமியின் பெயரில் வழங்குவது, புத்தாண்டுக்கு வைக்கோல் கயிறு கட்டுகிறவர்களும் உண்டு. சரி, அது அவரவர் நம்பிக்கை. நீங்கள் ஏணி போட்டுத் தூணின் தலையைப் பாருங்கள். மூன்று நான்கு பக்கத்திலிருந்து உத்திரங்கள் தூணைத் துளைத்து உள்ளே போய் ஆப்பு வைத்து இறுக்கியிருந்தால், கூரையில் பெரும்பங்கு அதன் தலையில்தான். அதை அறுத்துவிட்டு ஒரே ஒரு இரும்பைக் குறுக்கே போட்டால், அந்த இரும்பின் இரண்டு முனையையும் தாங்கப்போகிற ஒல்லித் தூண்களுக்கு யார் கணக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

அரசாங்க அனுமதியே தேவையில்லை என்பார் ஒப்பந்ததாரர். 2025 ஏப்ரலிலிருந்து மாடியுள்ள மர வீடுகளில் தூண்கள் மாதிரி ஒரு முக்கிய உறுப்பில் பாதிக்கு மேல் மாற்றினால் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரே ஒரு தூண் பாதி ஆகாது, அதனால் அவர் சொல்வது சட்டப்படி சரிதான். ஆனால் அனுமதி வேண்டாம் என்றால் அரசாங்கத்தில் யாரும் வரைபடத்தைப் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம், தூண் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வீட்டையே தாங்குகிற ஒன்றை எடுக்கக் கேள்வி கிடையாதாம், என்ன சட்டமோ!

உளுத்தது நிஜமா என்று ஒரு ஸ்குரூடிரைவரால் அடியைக் குத்திப் பாருங்கள். மண் தரை ஈரத்தாலும் கரையானாலும் கெடுவது பெரும்பாலும் கீழ்ப்பகுதிதான், மேலே கல் மாதிரி இருக்கும். பழைய முறை தெரிந்த தச்சர், ஜாக்கி கொடுத்து வீட்டின் பாரத்தைத் தூக்கி நிறுத்தி, கெட்ட அடியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டுவிடுவார். நெத்சுகி என்பார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள், அறுத்த மரம் யாருக்குப் போகும்? பழைய கெயாகிக்கு நல்ல கிராக்கி. "குப்பையாக அப்புறப்படுத்துகிறோம்" என்று உங்களிடமே கூலி வாங்கிக்கொண்டு மரக்கடையில் விற்கிற ஆசாமிகள் இருக்கிறார்கள், ஆகவே மதிப்பீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். இலவசக் கரையான் சோதனை என்று கதவைத் தட்டுகிறவர்களை உள்ளேயே விடாதீர்கள். ஏற்கெனவே வீடு தேடி வந்தவரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த நாளையும் சேர்த்து 8 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். 188 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

1981 ஜூனுக்கு முன் கட்டிய மர வீடு என்றால் நிலநடுக்கச் சோதனைக்கு உள்ளூர் நிர்வாகம் பல இடங்களில் மானியம் தருகிறது. மானிய உத்தரவு வருவதற்கு முன் ஒப்பந்தம் போட்டால் பெரும்பாலும் பணம் கிடையாது. வீடு சாய்ந்தாலும் காகிதம் நேராக நிற்க வேண்டும் அவர்களுக்கு. அதனால் முதலில் மனு, பிறகு தச்சர்.

தூணில் பழைய கோயில் காப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் வேலை தொடங்குமுன் பக்குவமாக எடுத்து ஊர்க் கோயிலில் கொடுத்துவிடுங்கள். பாட்டிக்கும் திருப்தி.